எலுமிச்சைக்கு இலைவழி யூரியா: பூ, ஹார்மோன், தண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமான் வீட்டு முன்வாசலில் ஒரு லீமாவ் நிப்பிஸ் (சாதாரண எலுமிச்சை), கொண்டோ பால்கனியில் ஒரு லீமாவ் கஸ்தூரி (குட்டிப் பழ எலுமிச்சை வகை), கம்பத்து வீட்டுக் கொல்லையில் ஒரு நார்த்தை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் வளர்ப்பது பெரும்பாலும் இவைதான். மரம் பச்சைப் பசேலென்று நிற்கிறது, பூவைத்தான் காணோம் என்றதும் யாராவது ஒருவர் "யூரியாவைக் கரைச்சு இலையில அடிங்க" என்பார். அதையொட்டி வரும் கேள்விகள் இவை.

இலையில் யூரியா அடித்தால் பூக்குமா, பூக்காதா?

மரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில வாரம் தண்ணீர் குறைந்து காய்ந்து நின்ற மரம் என்றால், பூ கூடுவதற்கு யூரியா துணை செய்யும். தினமும் மழையும் குழாய்த் தண்ணீரும் குடித்துக்கொண்டிருக்கும் மரத்துக்கு அடித்தால் இலைதான் வரும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் அளவை மட்டும் சொல்லிவிடுவதால்தான் பலருக்கும் ஏமாற்றம்.

மரத்தை ஏன் காயப்போட வேண்டும்? அது வாடத்தானே செய்யும்?

எலுமிச்சைக் குடும்பத்து மரங்கள் தங்கள் வளர்ச்சிக்கு ஒரு தடை வந்த பிறகுதான் நிறையப் பூக்கும். கலிபோர்னியா, ஸ்பெயின் போன்ற இடங்களில் அந்தத் தடை குளிர். நேவல் ஆரஞ்சு மரங்களைப் பகலில் 15 முதல் 18 டிகிரி, இரவில் 10 முதல் 13 டிகிரி என்ற குளிரில் சில வாரம் வைத்தால் பூ மொட்டுகள் உருவாவதை ஆய்வுக்கூடத்திலேயே பார்த்திருக்கிறார்கள். செந்தூலிலோ ஜார்ஜ்டவுனிலோ அந்தக் குளிருக்கு எங்கே போவது? இரவு வெப்பமே பெரும்பாலும் 23, 24 டிகிரி அளவில்தான் நிற்கும்.

குளிர் இல்லாத ஊரில் அந்த வேலையைச் செய்வது தண்ணீர்ப் பற்றாக்குறை. ஃபுளோரிடாவில் தஹித்தி லைம் என்ற விதையில்லா எலுமிச்சையைத் தொட்டியில் வைத்துச் சோதித்தபோது, இரண்டு வாரம் தண்ணீரைக் குறைத்ததே பூ வரப் போதுமானதாக இருந்தது. நம் பெரியவர்கள் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று சொல்லி வைத்ததும் இதே முறைதான். முதலில் காய விடு, பிறகு பாய்ச்சு. இரண்டில் எது விடுபட்டாலும் பலன் இல்லை.

சரி, யூரியாவில் இருக்கும் நைட்ரஜனுக்கு இதில் என்ன வேலை?

மரம் குளிரிலோ தாகத்திலோ தவிக்கும்போது வளர்ச்சி நின்றுவிடுகிறது, புதுப் புரதம் உண்டாவது குறைகிறது. ஆனால் இலைக்குள் நைட்ரஜன் வேலைகள் முழுதாக நிற்பதில்லை. அதனால் இலையில் அம்மோனியா சேர ஆரம்பிக்கிறது. அம்மோனியா கூடினால் செல்லுக்கு நஞ்சு. மரம் அதைச் சும்மா விடாமல் குளூட்டமைன், அப்புறம் அர்ஜினின் என்ற அமினோ அமிலங்களாக மாற்றிப் பத்திரப்படுத்துகிறது. அர்ஜினினிலிருந்து பாலிஅமீன்கள் என்ற சிறு மூலக்கூறுகள் பிறக்கின்றன. பியூட்ரெசின், ஸ்பெர்மிடின் ஆகியவை அந்த வகை. செல் பிரிதல், பூ உறுப்புகள் உருவாதல், பிஞ்சு வளர்தல் எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த கேரல் லோவட்டும் அவருடைய குழுவினரும் 1980களின் பிற்பகுதியில் இதை ஒரு கோணத்தில் பார்த்தார்கள். தவிப்பு நீள நீள இலையில் அம்மோனியா கூடுகிறது, பூக்களும் கூடுகின்றன. அப்படியானால், அரைகுறையாகத் தவித்த மரத்துக்கு வெளியிலிருந்து அம்மோனியாவை ஏற்றினால் என்ன ஆகும்? யூரியா இலைக்குள் போனதும் யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கும். ஆகவே யூரியா தெளித்தார்கள். கொஞ்ச காலமே தவித்த மரங்களில் இலை அம்மோனியாவும் உயர்ந்தது, பூ எண்ணிக்கையும் உயர்ந்தது. பின்னர் கலிபோர்னியாவின் நேவல் ஆரஞ்சுத் தோப்புகளில் குளிர்காலக் கடைசியில், பூப்பதற்கு முன்னால் தெளித்துப் பார்த்ததிலும் விளைச்சல் கூடியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தவிப்பே இல்லாத மரத்தில் யூரியா மட்டும் அந்த வேலையைச் செய்வதில்லை. மரம் பூக்கத் தயாராகிக்கொண்டிருக்கும்போது கிடைக்கும் ஒரு தள்ளு, அவ்வளவுதான். நம் ஊரில் இந்த முறையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் தள்ளை மட்டும் சொல்கிறார்கள், தயாராவதை விட்டுவிடுகிறார்கள்.

ஹார்மோன்கள் எங்கே வருகின்றன? ஜிப்ரெலின் அடித்தால் பூக்கும் என்றும் கேள்விப்பட்டேனே?

எலுமிச்சை வகைகளில் அது நேர் எதிர். பூ மொட்டு உருவாகும் சமயத்தில் ஜிப்ரெலின் தெளித்தால் பூ குறையும். 1964இலேயே இஸ்ரேலில் இதைக் காட்டிவிட்டார்கள். ஜிப்ரெலின் உற்பத்தியைத் தடுக்கும் பேக்லோபியூட்ரசால் போன்ற மருந்துகள் பூவைக் கூட்டுவதற்கும் இதுவே காரணம். கடையில் ஹார்மோன் டானிக் என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தால், அதில் ஜிப்ரெலின் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மரத்தில் தொங்கும் காய்களும் அடுத்த பூவைத் தடுக்கின்றன. இலையில் உருவாகி மொட்டுக்குப் போய் "பூவாக மாறு" என்று சொல்லும் ஒரு புரதம் இருக்கிறது. அதை எஃப்டி என்பார்கள், பழைய பெயர் புளோரிஜென். குளிரும் தாகமும் அந்தப் புரதத்துக்கான மரபணுவை முடுக்குகின்றன. காய் நிறைந்த கிளையில் அது அடங்கிப்போகிறது. ஒரு வருடம் காய்த்துக் குலுங்கிய மரம் மறு வருடம் ஓய்வெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே முற்றிய காய்களை அழகுக்காக மரத்திலேயே விட்டு வைக்காதீர்கள்.

சைட்டோகைனின் மொட்டைத் தட்டி எழுப்பும் ஹார்மோன். பெரும்பாலும் வேரிலிருந்து மேலே வருகிறது. நைட்ரேட் கிடைத்தால் வேரில் இதன் உற்பத்தி கூடும். காயப்போட்ட மரத்துக்குத் தண்ணீர் விட்டதும் வேர் விழித்து, மொட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. அந்த மொட்டுகள் முன்பே பூவாகத் தீர்மானிக்கப்பட்டவையாக இருந்தால் பூ. இல்லையென்றால் கொழுந்து. மண்ணில் தாராளமாக யூரியா போட்டவர்களுக்குக் கொழுந்தாகக் கொட்டுவது இதனால்தான்.

எவ்வளவு நாள் காயப்போடுவது? எப்படித் தெரிந்துகொள்வது?

நாள் கணக்கை விட இலையைப் பாருங்கள். மத்தியான வெயிலில் இலையின் இரு ஓரமும் உள்பக்கம் மடங்கிப் படகு போல ஆகும். தொட்டால் வழக்கமான விறைப்பு இருக்காது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் நிமிர்ந்திருக்கும். இந்த நிலைதான் வேண்டும். காலையிலும் மடங்கியே இருந்தால் எல்லை தாண்டிவிட்டது, உடனே தண்ணீர் விடுங்கள். தொட்டி மரம் என்றால் வேர் சாகாத அளவுக்குச் சில நாளுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, இந்த நிலையை இரண்டு வாரம், மரம் தாங்கினால் இன்னும் கொஞ்சம் நீட்டிக்கலாம்.

மிகவும் காய்ந்த மரத்துக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் ஊற்றினால் இலை கொட்டும். தாகத்தில் வேரில் சேர்ந்த எத்திலீனின் மூலப்பொருள் தண்ணீரோடு சேர்ந்து மேலே போய், இலையில் எத்திலீனாக மாறிக் காம்பை உதிர்த்துவிடும். இலை போனால் பூ வந்தும் பயனில்லை.

சரியாக நடந்தால், தண்ணீர் விட்ட மூன்று நான்கு வாரத்தில் இலைக் காம்பின் இடுக்குகளில் குண்டூசித் தலை போல வெண்மையான உருண்டைகள் தெரியும். கூராகப் பச்சையாக வருவது கொழுந்து. உருண்டையாக வருவதுதான் பூ.

கோலாலம்பூரில் மழை விடவே மாட்டேன் என்கிறதே?

அதுதான் பெரிய சிக்கல். கோலாலம்பூரில் ஏப்ரலை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும் மழை உச்சம். ஜூன், ஜூலை கொஞ்சம் குறைவு. பினாங்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தெளிவான வறட்சி, செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். அதனால் பினாங்கில் தரையில் நட்ட எலுமிச்சை ஆண்டின் ஆரம்ப மழைக்குப் பிறகு தானாகவே பூத்துக்கொள்வது எளிது. கோலாலம்பூரில் தரையில் நட்ட மரத்தைக் காயப்போட முயல்வதே எனக்கு வீண் வேலையாகப் படுகிறது. வேரைச் சுற்றி பிளாஸ்டிக் விரிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பக்கத்து வீட்டு வடிகாலிலிருந்தும் ஈரம் வரும். தொட்டியில் வைத்தால் போர்ச் கூரையின் ஓரத்துக்கு, வெயில் படும் இடமாகப் பார்த்து இழுத்துவிடலாம். வீட்டு மரத்துக்குத் தொட்டியே மேல்.

தைப்பூசத்துக்குப் பழம் வேண்டுமென்றால் எப்போது தொடங்க வேண்டும்?

தண்ணீர்மலைக்கும் பத்துமலைக்கும் போகிற பக்தர்கள் உடலில் குத்திக்கொள்ளும் எலுமிச்சையிலிருந்து அம்மனுக்கு மாலை வரை அந்தச் சமயத்தில் பழத்தின் தேவை நமக்குத் தெரியும். பூவிலிருந்து பறிக்கும் பக்குவம் வர லீமாவ் நிப்பிஸுக்கு நான்கு முதல் ஐந்து மாதம் பிடிக்கும். தைப்பூசம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. பின்னோக்கி எண்ணினால் செப்டம்பரில் பூ இருக்க வேண்டும். அதற்கு ஆகஸ்டு நடுவில் தண்ணீர் விட வேண்டும். காயப்போடுவது ஜூலை கடைசியில் தொடங்க வேண்டும்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு அந்த மாதம் ஓரளவு ஒத்துழைக்கும். பினாங்கில் செப்டம்பர் மழையில் பூ நனைந்து உதிரும் ஆபத்து உண்டு. அங்கே கூரை ஓரத் தொட்டியை நம்புவதே நல்லது.

யூரியாவை எப்போது, எவ்வளவு தெளிப்பது?

காயப்போடும் காலத்தின் கடைசி நாட்களில், ஒரே ஒரு தடவை. அதிகாலையில், இலை நிமிர்ந்திருக்கும்போது அடித்துவிட்டு அடுத்த நாள் தண்ணீர் விடத் தொடங்குங்கள். மடங்கிய இலையில் மத்தியானம் அடித்தால் கருகும். கோலாலம்பூரில் சாயங்கால இடிமழை வழக்கம் என்பதால் மாலைத் தெளிப்பு அங்கே சரிப்படாது.

தொட்டி மரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் போதும். ஒரு தேக்கரண்டி தலைதட்டி எடுத்தால் கிட்டத்தட்ட அந்த அளவு. பெரிய மரமாக, இலை தடித்து ஆரோக்கியமாக இருந்தால் 10 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். யூரியா கரையும்போது தண்ணீர் ஜில்லென்று ஆகும், பயப்பட வேண்டாம். இலைமேல் ஒட்டுவதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒன்றிரண்டு சொட்டு சேர்க்கலாம். இலைத்துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கின்றன, மேல்பக்கத்து மெழுகும் தடிப்பு. அதனால் அடிப்பக்கமும் நனையட்டும், ஆனால் சொட்டும் அளவுக்கு வேண்டாம். உள்ளே போக வேண்டியதில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே போய்விடும். முதல் தடவை என்றால் முன்கூட்டியே ஒரு கிளையில் மட்டும் அடித்து மூன்று நாள் பாருங்கள்.

எந்த யூரியாவாக இருந்தாலும் சரியா?

இல்லை. யூரியா தயாரிக்கும்போது சூட்டில் பையூரெட் என்ற துணைப்பொருள் உண்டாகிறது. எலுமிச்சைக் குடும்பத்துக்கு அது ஆகவே ஆகாது. இலைக்குத் தெளிக்க 0.25 விழுக்காட்டுக்கு மேல் பையூரெட் இல்லாத யூரியா வேண்டும். மண்ணுக்கென்று விற்கும் சாதாரண மூட்டை யூரியாவில் 1 விழுக்காடும் அதற்கு மேலும் இருக்கலாம். கிலோக் கணக்கில் பிரித்து, பெயர் இல்லாத பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதை இலையில் அடிக்காதீர்கள்.

பையூரெட் பாதிப்பு எப்படி இருக்கும் என்றால், இலையின் நுனி மஞ்சளாகும், பின் நரம்புகளுக்கு இடையே ஒழுங்கில்லாமல் மஞ்சள் பரவும். அந்த இலை மறுபடி பச்சையாகாது. அடுத்து வரும் கொழுந்து நன்றாக இருக்கும், ஆனால் பாதிக்கப்பட்ட இலை உதிரும் வரை அப்படியே இருக்கும்.

இலையிலேயே உரம் கொடுத்தால் மண்ணில் போட வேண்டாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். லிட்டருக்கு 5 கிராம் என்றால் அதில் 2.3 கிராம் நைட்ரஜன். ஒரு லிட்டரை முழுதும் ஒரே மரத்துக்கு அடித்தாலும், கீழே சொட்டியது போக உள்ளே போவது அதிலும் குறைவு. காய்க்கும் தரை மரம் ஒரு வருடத்தில் எடுத்துக்கொள்வது நூற்றுக்கணக்கான கிராம். தெளிப்பு ஒரு சைகை, சாப்பாடு அல்ல. மண்ணுக்கு வழக்கம்போல் கலப்பு உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வாருங்கள், காயப்போடும் காலத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

மாமரத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் அடிப்பார்களே, அது இதே கதையா?

இல்லை. 1970களில் பிலிப்பீன்ஸ் நாட்டில் ரமோன் பார்பா கண்டுபிடித்த முறை அது. முற்றிய தளிர் கொண்ட மாமரம் அந்தத் தெளிப்புக்குச் சில வாரங்களில் பூத்துவிடும். எலுமிச்சை அப்படி இணங்காது. எலுமிச்சை வகைகளில் பொட்டாசியம் நைட்ரேட்டைப் பெரும்பாலும் காய் பருக்கத்தான் தெளிக்கிறார்கள்.

விதை போட்டு வளர்த்த மரம் நான்கு வருடமாகப் பூக்கவில்லை. யூரியா உதவுமா?

உதவாது. விதையில் முளைத்த மரத்துக்கு ஒரு சின்ன வயது உண்டு. முள் நீளமாக, கிளை நேராக மேலே போய்க்கொண்டே இருக்கும். அது முடியாமல் தாகம், குளிர், யூரியா எதுவும் வேலை செய்யாது. சில வகைகளுக்கு அது பல வருடம். பொறுமை இல்லையென்றால் சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளில் பதியன் போட்டதையோ ஒட்டுக்கன்றையோ வாங்குங்கள்.

சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய லீமாவ் கஸ்தூரித் தொட்டி அதற்குப் பிறகு பூக்கவே இல்லை. ஏன்?

முதலில் பழங்களை எல்லாம் பறித்துவிட்டீர்களா? மேலே சொன்ன காரணத்துக்காக அவை எல்லாமே போக வேண்டும். அடுத்தது வெயில். கடையில் வாங்கியதை ஹாலில் வைத்திருந்தால் எதுவும் நடக்காது, தினமும் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். தொட்டியைத் தட்டி மண்ணை உருவிப் பார்த்தால் வேர் சுற்றிச் சுற்றி அடைத்திருக்கும். ஓர வேரைக் கொஞ்சம் நறுக்கிப் பெரிய தொட்டிக்கு மாற்றி, புதுக்கொழுந்து வந்து முற்றிய பிறகு காயப்போடுங்கள். லீமாவ் கஸ்தூரி இயல்பிலேயே வருடத்தில் பல முறை பூக்கிற வகை. வெயிலும் தண்ணீரும் சரியானால் பெரும்பாலும் யூரியா தேவைப்படாது.

பூ நிறைய வந்தது, எல்லாம் உதிர்ந்துவிட்டது. நைட்ரஜன் குறைவா?

அவசரப்பட வேண்டாம். முழு வளர்ச்சி அடைந்த ஆரஞ்சு மரத்தில் 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை பூக்கும், நூற்றுக்கு 1 அல்லது 2 காயாகத் தேறினாலே பெரிது. உதிர்வது இயற்கை. இலையே இல்லாமல் பூ மட்டும் கொத்தாக வந்த இடத்தில் அதிகம் உதிரும். நான்கைந்து புது இலையோடு நுனியில் வரும் பூ நன்றாகப் பிடிக்கும், அந்த இலைகள் பிஞ்சுக்குப் பக்கத்திலேயே உணவு செய்கின்றன. நைட்ரஜன் குறைந்த மரம் சில சமயம் பூவாகக் கொட்டிவிட்டுக் காயில் ஏமாற்றும் என்பதும் உண்மைதான். இலை எல்லாம் சீராக வெளிறியிருந்தால் அதைச் சந்தேகிக்கலாம்.

இலை மஞ்சளாக இருக்கிறது, யூரியா அடித்தால் சரியாகுமா?

எந்த மாதிரி மஞ்சள் என்று பாருங்கள். பழைய இலைகள் முழுதும் ஒரே சீராக வெளிறினால் நைட்ரஜன் குறைவாக இருக்கலாம். நடு நரம்பின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் திட்டுத்திட்டாக மஞ்சள் இருந்தால் சிட்ரஸ் கிரீனிங் என்ற பசுமையாதல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். மலேசியாவில் எலுமிச்சை வகைகளை அதிகம் அழிப்பது அதுதான். சைலிட் என்ற குட்டிப் பூச்சி பரப்பும், மருந்து கிடையாது. அந்தப் பூச்சிக்கு இளங்கொழுந்தென்றால் கொள்ளை ஆசை. கொழுந்து கிளப்பிவிடும் அளவுக்கு யூரியா கொடுப்பது அதற்கு விருந்து வைப்பதாகிவிடும். இலைக்குள் குடைந்து தின்னும் இலைத்துளைப்பான் புழுவும் கொழுந்தைத்தான் தேடி வரும்.

லீமாவ் பூருட் மரத்துக்கும் இதே முறையா?

அதில் நமக்கு வேண்டியது பூவா, இலையா? தொம்யாமுக்கும் ரசத்துக்கும் இலையைக் கிள்ளத்தானே வைத்திருக்கிறோம். அப்படியானால் காயப்போடவே வேண்டாம். தண்ணீரைத் தாராளமாக விடுங்கள், மண்ணில் நைட்ரஜன் கொடுங்கள், நுனிகளைக் கிள்ளி விடுங்கள். பூ வராது, இலை வரும். இலையில் யூரியா அடித்திருந்தால் பத்து நாளாவது அந்தக் கிளையை விட்டுவிட்டு வேறு கிளையில் பறியுங்கள். சமைக்கும் முன் நன்றாகக் கழுவிவிடுங்கள்.